அமைச்சர் வைத்த பெயர்

சங்கரன்கோவில்,
6.4.2025

அன்பு மகள் செங்குட்டுவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். ஓசூரில் நீ, மாப்பிள்ளை, பேத்தி தாரணி மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா கோமதியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் யாரிடமும் வேண்டாமல் அதையே விரும்புகிறேன்.

இத்துடன் என் ‘முதலமைச்சர்கள் வரலாறு’ புத்தகத்தின் முதல் இரண்டு அத்தியாயங்கள். ஓமந்தூரார் பதவியை விட்டுவிட்டு வடலூருக்குப் போனதை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. குமாரசாமி ராஜா நமக்குப் பக்கத்து ஊர், ராஜபாளையம். இருந்த வீட்டையே பொதுவுக்குக் கொடுத்த மனுஷன். அவர் முதல்வராக இருந்தார் என்று சொன்னால் நம் தெருப் பயல்கள் என்னையே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இங்கே ஜெராக்ஸ் கடையில் டைப் செய்யக் கொடுத்தால் பக்கத்துக்குப் பத்துப் பிழை. அதனால்தான் உனக்கு அனுப்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே உனக்கும் எனக்கும் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் கொஞ்சம் மெதுவாக வரும்.

கடைசி அத்தியாயம் நம் ஊருக்கு வந்த தலைவர்கள். அதை எப்படி முடிக்கப் போகிறேன் என்று கேள்: ‘அமைச்சர் துரைப்பாண்டி அவர்கள் காரை விட்டு இறங்கினார். கட்சித் தொண்டர் கோமதிநாயகம் நீட்டிய குழந்தையை இரு கைகளாலும் வாங்கினார். இவன் செங்குட்டுவன், இமயம் வரை போவான் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.’ கீழே அந்த போட்டோ. எப்படி?

அன்புடன்,
அப்பா கோமதிநாயகம்

ஓசூர்,
19.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு அத்தியாயமும் டைப் செய்துவிட்டேன். ‘மாபெரும்’ என்ற சொல்லை மட்டும் பாதிக்கு மேல் எடுத்துவிட்டேன், கோபப்படாதீர்கள்.

கடைசி அத்தியாயத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்களே. அன்று காலையில்தான் அம்மா நேர்ச்சைக்கு எனக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கொண்டுவந்திருந்தாள். அமைச்சர் ஆண்பிள்ளை என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற சாம்சன் மாமா, “அண்ணாச்சி, பொம்பளப் புள்ளைல்லா” என்று உங்கள் கையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் “சும்மா இரும் வே, தலைவர் வாயில வந்தாச்சு” என்றீர்கள். இது ஊருக்கே தெரிந்த கதை, அப்பா.

எனக்குச் சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டது. காலேஜில் ஆண்கள் விடுதியில் இடம் போட்டார்கள், சிரித்தேன். வேலைக்குச் சேரப் போன அன்று “உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்டார்கள், அதற்கும் சிரித்தேன். போன வாரம் தாரணியின் வகுப்பில் அடுத்த வருஷப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்காக அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரிதானா என்று சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அம்மா பெயர் செங்குட்டுவன் என்றதும் வகுப்பே சிரித்ததாம். “உனக்கு ரெண்டு அப்பாவாடி?” என்று கேட்டார்களாம். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அவளுக்கு இந்தச் சிரிப்பு பழக வேண்டாம். அரசிதழில் பெயரை மாற்றப் போகிறேன். யார் சம்மதமும் வேண்டியதில்லை, தெரியும். ஆனாலும் நீங்கள் சரி என்று சொல்லாமல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்,
குட்டி

சங்கரன்கோவில்,
4.5.2025

மகள் செங்குட்டுவனுக்கு,

மூன்றிலிருந்து ஐந்து வரை அனுப்பியிருக்கிறேன். ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம். ராஜாஜி எனக்குப் பிடிக்காதவர்தான். ஆனாலும் நியாயமாக எழுதியிருக்கிறேன், கவனித்துப் பார்.

நீ கேட்டதற்கு எனக்குச் சம்மதம் இல்லை.

உனக்குப் பெயர் வைக்க இரண்டரை வருஷம் காத்திருந்தேன். தலைவர் வருகிறார் என்றார்கள், உன்னைத் தூக்கிக்கொண்டு பனவடலிசத்திரம் போய் வெயிலில் நின்றேன். கார் நிற்காமல் போய்விட்டது. கரிவலம்வந்தநல்லூரில் நின்றோம், அங்கே கூட்டமே ரத்து. ஊரெல்லாம் ‘பேரில்லாப் பிள்ளை’ என்றார்கள். நான் அசையவில்லை. கட்சியில் வார்டு செயலாளருக்கு மேல் நான் போனதில்லை, மேடையில் நாற்காலி போட்டிருக்கிறேனே தவிர அதில் உட்கார்ந்ததில்லை. தலைவர் ஒருவர் என் கையிலிருந்து வாங்கியது உன்னை மட்டும்தான். அந்தப் பெயரையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

இந்த ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவே திரும்பும். செங்குட்டுவன் என்றால் நீ ஒருத்திதான். உன் அம்மாவும் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கோமதிநாயகம்

ஓசூர்,
25.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை நீங்கள் வெயிலில் நின்றதுதான் கண்ணில் நின்றது. அழுதேன்.

ஆனாலும் கேட்கிறேன். உங்கள் நாலாம் அத்தியாயத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: காமராஜருக்கு முதலில் வைத்தது குலதெய்வமான காமாட்சியின் பெயர். பெற்றவள் ராஜா, ராஜா என்று கொஞ்சிக் கூப்பிட்டு, அது சேர்ந்துதான் காமராஜ் ஆனார். அவர் அம்மா கூப்பிட்டதை யாரும் தடுக்கவில்லை. அடுத்து நீங்கள் எழுதப்போவது அண்ணா அத்தியாயம். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்ததை எத்தனை மேடையில் கண்ணீரோடு பேசியிருக்கிறீர்கள்! ஒரு மாநிலமே பெயரை மாற்றிக்கொண்டது. உங்கள் மகள் மாற்றக் கூடாதா?

அமைச்சர் துரைப்பாண்டி பெரிய மனிதராகவே இருக்கட்டும். அவர் என்னைக் கையில் வைத்திருந்தது ஒரு நிமிஷம். நீங்கள் தூக்கி நின்றது இரண்டரை வருஷம். எனக்குப் பெயர் வைக்கிற உரிமை யாருக்கு இருந்தது, அப்பா? இப்போதும் நேரம் போய்விடவில்லை. நீங்களே ஒரு பெயர் வையுங்கள். என்ன பெயரானாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அதுவரை கடைசி அத்தியாயத்தை மட்டும் டைப் செய்ய மாட்டேன். மற்றதெல்லாம் அனுப்புங்கள்.

உங்கள்,
குட்டி

சங்கரன்கோவில்,
11.7.2025

அன்புள்ள குட்டிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீ கொடுத்த வேலை அப்படி.

முதலில் வீம்பாகத்தான் இருந்தேன். அண்ணா அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். பெயர் மாற்றம் என்று தலைப்புப் போட்டதும் பேனா நகரவில்லை. சரி, பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு மேலே எழுதுவோம் என்று யோசித்தால், ஒன்றுகூட வரவில்லை. வருகிறதெல்லாம் மேடையில் கேட்ட பெயர்கள். ஒன்றைச் சொன்னால் மாநாட்டுப் பந்தல் ஞாபகம் வருகிறது, இன்னொன்றைச் சொன்னால் சுவரொட்டி. இத்தனை வயதில் நானாக எதற்கும் பெயர் வைத்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வாசலில் வந்து நிற்கிற நாய்க்குக்கூட உன் அம்மாதான் வைத்தாள்.

வாய்விட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. உன் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், “என்ன வாக்காளர் பட்டியலா வாசிக்கிய?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கீரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

“பேருதானே? அவ பொறந்த அன்னைக்கே நான் வச்சாச்சு” என்றாள்.

“ஏட்டி, எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“நீங்க எப்பம் கேட்டிய? அமைச்சரு வரணும், அமைச்சரு வரணும்னு ரோட்டுலயே நின்னிய. நான் வீட்டுலதானே இருந்தேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை குட்டி. கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். என்ன பெயர் என்று எனக்குச் சொல்ல மாட்டாளாம். “பேருங்கது புள்ள காதுல மூணு தடவை சொல்லணும். முதல்ல அவ கேக்கட்டும், பெறவு நீங்க கேளுங்க. கோயில் தபசுத் திருவிழாவுக்கு அவள வரச் சொல்லுங்க” என்கிறாள். பேப்பரில் எழுதித் தா, நான் பார்க்காமல் ஒட்டி அனுப்புகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறாள்.

அரசிதழுக்கு எழுதிப் போடு. எனக்குச் சம்மதம். என்ன பெயர் என்று தெரியாமலே சம்மதம்.

கடைசி அத்தியாயத்தைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொட்டையும் சந்தனமும் சாம்சன் சொன்னதும் இருக்கிறது. அமைச்சர் தவறாகச் சொன்னார் என்றும், தொண்டன் வாயை மூடிக்கொண்டான் என்றும் எழுதியிருக்கிறேன். போட்டோவை நேற்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அமைச்சர் கையில் நீ. பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய நான். உன் அம்மாவைக் காணோம். ஓரத்தில் ஒரு சேலைத் தலைப்பு மட்டும் தெரிகிறது. அவள் கட்டியிருந்த சேலைதான் அது. அந்தப் போட்டோவைப் புத்தகத்தில் போடவில்லை.

ஆடித்தபசுக்கு வா, குட்டி. தாரணியையும் கூட்டி வா. அம்மா உன் காதில் சொல்லும்போது நான் வெளியே நிற்கிறேன். காத்து நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

அன்புடன்,
அப்பா

ஓசூர்,
18.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

லீவு போட்டாயிற்று. தபசுக்கு முதல் நாள் காலையில் நானும் தாரணியும் வந்துவிடுவோம். அவருக்கு லீவு இல்லை, மறுநாள் வருகிறார். மொட்டை மட்டும் போட மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசி அத்தியாயத்தை டைப் செய்துவிட்டேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. முடிவில், குழந்தைக்கு அம்மா வைத்த பெயருக்காக மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அம்மா சொன்னதும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

நீங்கள் வெளியே நிற்க வேண்டாம், அப்பா. அம்மா என் ஒரு காதில் சொல்லட்டும். இன்னொரு பக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நில்லுங்கள்.

கீழே கையெழுத்துப் போடவில்லை. ஊருக்கு வந்து போடுகிறேன்.

உங்கள் மகள்,