ஊசி போட்டவனுக்கும் வீங்கிய கன்னம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, உன் தம்பி மூன்று பேரும் சுகம். சுகம் என்று எழுதும்போது உன் தம்பியின் முகம் பழைய அளவுக்கு வந்துவிட்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதுதான் வசதி.

நம் கடையில் வேலை எப்படி என்று உனக்குத் தெரியாததா. டிரம்பெட்டோ கிளாரினெட்டோ, ரிப்பேர் முடிந்ததும் தம்பி ஊதிப் பார்ப்பான், அவன் கையிலிருந்து அப்படியே வாங்கி நானும் ஊதிப் பார்ப்பேன், நான் ஊதாத எதுவும் இதுவரை கடைப் படி இறங்கியதில்லை. திருப்பிக் கொடுக்கும்போது சோப்புப் போட்டுக் கழுவிப் பளபளவென்று கொடுப்போம். வரும்போது கழுவுகிற பழக்கம்தான் இல்லை, கோளாறு என்னவென்று பார்க்கிற அவசரத்தில் வாங்கின கையோடு வாயில் வைத்துவிடுவோம். கல்லூரி பேண்டில் வாசிக்கிற ஒரு பெண் வால்வு சிக்குகிறது என்று டிரம்பெட்டைக் கொண்டுவந்தாள், உன் தம்பியும் வழக்கம்போல ஊதிவிட்டான். இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு ஒருநாள் காலையில் எழுந்து வந்தவனைப் பார்த்து, வாய்க்குள்ள என்னடா அடக்கி வச்சிருக்கே, துப்பு என்றாள் அம்மா. துப்புவதற்கு ஒன்றுமில்லை, பொன்னுக்கு வீங்கி! அந்த பேண்டிலேயே பல பேருக்கு வீங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. எனக்கும் அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே வந்து போனதால் தப்பித்தோம். அவனை மாடி அறையில் தனியாக வைத்தோம், ஐஸ்கிரீமைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்லியே ஒரு பெரிய டப்பாவைக் காலி செய்தான். ஒரே வாரத்தில் எழுந்து வந்து கடையைத் திறந்துவிட்டான்.

அம்மா போனில் இதைச் சொல்லக் கேட்டதும் நீ பிடித்துக்கொண்டாய். சின்ன வயசுலயே இதுக்கு ரெண்டு ஊசி போட்டவனுக்கே வந்துடுச்சேப்பா, அப்புறம் எதுக்கு என் பிள்ளையைக் குத்தி அழ வைக்கணும் என்றாய், ஒரு வயது ஊசிக்கு வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்டையும் ரத்து செய்துவிட்டாய். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அதே சந்தேகம்தான். டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ரெண்டு ஊசியும் போட்டா பத்துல ஒன்பது பேர் கிட்டத்தட்ட தப்பிச்சுக்குவாங்க, பத்துக்குப் பத்துன்னு யாருமே சொன்னதில்லையே என்றார். வருடம் ஆக ஆக அந்தப் பலமும் கொஞ்சம் குறையுமாம். ஒரே அறையில் படுத்து, ஒரே பாட்டிலில் குடித்து, ஒருத்தர் ஊதினதை இன்னொருத்தர் ஊதுகிற கூட்டத்துக்குள் நோய் புகுந்தால் ஊசி போட்டவர்களிலும் சிலரைப் பிடிக்கத்தான் செய்யுமாம். ஆனா வந்தாலும் பெரும்பாலும் லேசா வந்துட்டுப் போயிடும், உங்க பையனையே பாருங்க என்றார். பேண்டுக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் இன்னொரு ஊசியும் போட்டார்கள், அதோடு பரவுவது நின்றது. ஊசி பயனில்லாத பொருள் என்றால் எதற்கு இன்னொன்று போடுவார்கள், நீயே யோசித்துப் பார்.

இனி சொல்லப் போவதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். அந்த பேண்ட் மாஸ்டரை உனக்கு நினைவிருக்கும், வாசலில் நின்றபடியே உள்ளே நான் ஊதுவதைக் கேட்டு, அண்ணே, சுருதி ஒரு மயிரிழை இறங்குது என்பாரே, அவர்தான். அவருக்குச் சின்ன வயதில் நோயும் வரவில்லை, ஊசியும் யாரும் போடவில்லை. இந்தத் தடவை அவருக்கும் வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் இடது காது போய்விட்டதம்மா. அது இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்களாம். போன வாரம் கடைக்கு வந்தவர், டிரம்காரங்களை எல்லாம் இடது பக்கம் நிறுத்திட்டேன், இப்பதான் நிம்மதி என்று சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் கிளம்பும்போது குடையை விட்டுவிட்டார், பின்னாலிருந்து கூப்பிட்டேன். என் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் தெருவில் அங்கும் இங்கும் திரும்பினார். எவன் சுருதி தப்புகிறான் என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்கிற மனுஷன். நானே இறங்கிப் போய்க் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடு, இது அப்பாவின் கெஞ்சல் என்றே வைத்துக்கொள். ஊசி போட்ட பிறகும் வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், உன் தம்பி கன்னமே எனக்கு எதிர்சாட்சி. இங்கே கடையில் இப்போது வருகிற வாத்தியமெல்லாம் முதலில் சோப்புத் தண்ணீரில் குளித்த பிறகுதான் மேஜைக்கு வருகிறது, உன் தம்பியும் நானும் வாய் வைத்து ஊத ஆளுக்கொரு மவுத்பீஸ் வைத்திருக்கிறோம். குட்டிப் பயலுக்கென்று ஒரு சின்ன டிரம்பெட்டை ஒடுக்கு எடுத்து, மெருகு போட்டு, புது மவுத்பீஸ் மாட்டி வைத்திருக்கிறேன். அதை மட்டும் நான் ஊதிப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். முதல் சத்தம் அவனுடையதாக இருக்கட்டும், அதை அவன் இரண்டு காதாலும் கேட்கட்டும்.

மூவரும் நீடூழி நன்றாக இருங்கள், அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். மறந்துவிடாதே, ஊசி போடுகிற அன்று எனக்குப் போன் போட்டு அவன் வாய்ப் பக்கத்தில் பிடி. எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும், ஒரு மயிரிழை கூட இறங்காமல் அழுகிறானா என்று நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அழுகையை அந்தக் காலத்தில் கேட்டுப் பழகிய
அப்பா