வெள்ளிக் கண்மலர்

செவ்வாய், இரவு.

என் இடது கண்ணை எடுக்காமல், உள்ளே இருந்த புற்றுக்கட்டியை மட்டும் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. பார்வை மங்கல்தான், ஆனாலும் கண் இருக்கிறது. இன்று சென்னையில் டாக்டர் கண்ணைச் சட்டென்று பார்த்து முடித்துவிட்டார். ஈரல் ஸ்கேனைத்தான் வெகுநேரம் பார்த்தார். புள்ளி ஒன்று தெரிகிறதாம். இத்தனை வருடம் கழித்தும் அந்த நோய் ஈரலுக்குப் போகுமாம். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ஊர் திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டியது. வீட்டுக்காரர், "திருவக்கரை அம்மனுக்கு வெள்ளியில கண்மலர் மட்டும்தான சாத்தினோம்?" என்றார்.

"ஆமாங்க."

"கடையில முழு ஆள் உருவமும் வச்சிருந்தாங்க. நான்தான் கண்ணு போதும்னு வாங்கிக்கினு வந்துட்டேன்."

அன்று நானும் கண்ணை மட்டும்தான் கேட்டேன். கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள்.