தண்ணீரில் மருந்து

என்னங்க,

போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அதனால் தம்பி வீட்டுப் பின்வாசல் வழியாக இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜனங்கள் எதிர்த்துப் பேசாமலிருக்கக் குடிதண்ணீரில் மருந்து கலக்கிறார்கள் என்று பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதிக்கு எழுதினீர்களே, ஊரே நம்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் வேலை பார்ப்பவன் உங்கள் மைத்துனன் என்பது ஞாபகமே வரவில்லையா?

அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் காலையில் கல்லெறிந்தார்கள். தம்பிக்கு நெற்றியில் தையல். "அத்தானா இப்படி எழுதினாரு?" என்று மட்டும் கேட்டான்.

வாசலில் இன்னும் கூட்டம் நிற்கிறது. அவர்கள் முன்னாலேயே குழாயைத் திறந்து குடித்துக் காட்டினேன். "இவளும் கூட்டு!" என்று கத்துகிறார்கள்.

நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள். மறுப்பு எழுதுகிறேன் என்று பேனாவை எடுக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உங்கள் மனைவி