ஆற்றுப் பாறையில் நீங்கள் கேட்ட வெள்ளம்

மைனி,

நேற்று சாயங்காலம் உங்களைக் கட்டிய என் அண்ணன் வந்தான். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து என் வீட்டு வாசலை மிதிக்காதவன், போன் போட்டாலும் எடுக்காதவன், பாறசாலையிலிருந்து பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்கு வந்து, பையிலிருந்து உங்கள் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். "இது உனக்க கிட்ட இருக்கட்டு" என்றான். மூடியைத் திறந்தேன். எத்தனை கழுவினாலும் போகாத சீரக வாசனை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பாட்டிலை நீங்கள் வாங்கியதே ஹம்பிக்குப் போகத்தான். உங்கள் அடுக்களைக் காலண்டரில் ஒரு கல் தேர் இருந்தது. வருஷம் முடிந்தும் அதைக் கழற்றவிடவில்லை நீங்கள். கோயில் குளம் என்றால் அண்ணனும் சரி என்றிருப்பான். இடிந்து கிடக்கிற ஊரைப் பார்க்க ஒரு சுற்றுலாவா என்று கத்தினான். அதுவும் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வந்த வாரத்தில். திருவனந்தபுரத்து டாக்டரே "போயிட்டு வரட்டே" என்று சொன்ன பிறகும் அவன் இறங்கி வரவில்லை. நான் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், அங்கே என்னதான் இருக்கிறது என்று.

"ஆளு எல்லாம் போன பொறவு ஒரு ஊரு எப்பிடி இருக்கும்னு பாக்கணும் மக்கா. பயப்படுகதுக்கு முன்ன ஒருக்கா பாத்துட்டா நல்லதாக்கும்."

மறுநாளே இரண்டு பேருக்கும் இடம் பதிவு செய்தேன்.

நாகர்கோவிலில் கிளம்பிய சுற்றுலாக் கூட்டத்தில் பாதிப் பேர் மதுரைப் பக்கம். நம் பேச்சைக் கேட்டு, நீங்கள் மலையாளிகளா என்று முதல் நாளே கேட்டார்கள். "தமிழத்திகளாக்கும்" என்று நீங்கள் சொன்ன விதத்தில் அவர்களுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. பாதாமியில் அந்தச் செம்பாறைக் குகைகளுக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். கீழே ஏரி பச்சையாகக் கிடந்தது. குழுவிலிருந்த ஒரு அம்மா என்னிடம், "முடியாதவங்கள எதுக்குங்க இழுத்துட்டு வந்தீங்க?" என்றாள். எனக்குச் சுரீரென்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "அவ இழுக்கல்ல. நானாக்கும் அவள இழுத்தோண்டு வந்தது."

அப்புறம் ஹம்பி. கல் தேரைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். காலண்டரில் இருந்ததைவிடச் சின்னது என்று ஒரு குறையும் சொன்னீர்கள். கடைகளே இல்லாத கடைவீதியில், கல் தூண் ஒன்றில் சாய்ந்து நின்று வெகுநேரம் பார்த்தீர்கள். ஓர் ஆடு நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு. வெயிலு அதுபாட்டுக்கு அடிக்கு" என்றீர்கள். அழுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் ஆட்டுக்கு வாழைப்பழத் தோலைப் போட்டீர்கள்.

துங்கபத்திரைக் கரையில்தான் அந்தக் கூத்து. எல்லாரும் ஆற்றுப் பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டி எதிரே இருந்த மண்டபத்தைக் காட்டி, மேலே அணையைத் திறந்துவிட்டால் இது முழுகிப்போகும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். நான் பாட்டிலை நிரப்பக் கரையேறி நின்றிருந்தேன். உங்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எழுந்து நின்று, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி, "மக்கா, வெள்ளம்! வெள்ளம்!" என்று கூப்பிட்டீர்கள்.

நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். மதுரைக்காரர்களுக்கு வெள்ளம் என்றால் என்ன? செருப்பை விட்டார்கள், பையை விட்டார்கள், பாதாமியில் என்னைக் கேள்வி கேட்ட அம்மா கணவனையே விட்டுவிட்டுப் பாறை மேல் ஏறினாள். வழிகாட்டி எல்லாருக்கும் முன்னால் ஓடினான். எதிர்த்திசையில் நான் ஒருத்தி மட்டும் பாட்டிலோடு இறங்கி வந்தேன். குடிக்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் உங்களுக்குப் புரையேறி, பாட்டில் கைதவறிப் பாறையில் விழுந்து நெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் ஓடியாச்சு, நீ மட்டும் வந்தே பாரு" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் சிரித்த மாதிரி நான் எந்த நாளும் பார்த்ததில்லை.

ஆபரேஷன் நடந்தது. பிறகு காய்ச்சல் பிடித்தது, விடவில்லை. அந்த ஊர் சுற்றல்தான் உங்களைக் கொண்டுபோனது என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னான். நானும் விட்டேனா, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

கடைசி நாள் அவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். நீங்கள் கண்ணைத் திறந்து, "மக்கா, வெள்ளம்" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்கப் பார்த்து உதடு லேசாகக் கோணி, "ஓடாண்டாம்" என்றீர்கள். குடிக்கக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பஞ்சை நனைத்து உதட்டைத் தொட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நேற்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "அங்க அவ சந்தோஷமா இருந்தாளா?"

ஆற்றங்கரையைச் சொன்னேன். அந்த அம்மா பாறை ஏறியதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தான். ஆஸ்பத்திரியைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு அப்படியே உடைந்தது. உங்கள் சாவுக்கு அழாதவன் என் மேசையில் தலை வைத்து அழுதான். போகும்போது வாசலில் நின்று, "நீ கூட்டிக்கிட்டுப் போனது நல்லதா போச்சு" என்றான். "வாறேன்" என்றும் சொன்னான். இனி வருவான்.

இன்று காலை சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, அந்த நெளிந்த பாட்டிலில் நிரப்பி வேலைக்கு எடுத்துப் போனேன். நாள் முழுக்க என் பக்கத்தில்தான் இருந்தது. தொண்டை வறண்டும் அதை நான் குடிக்கவில்லை, மைனி. அது நீங்கள் கேட்டது.