நிலைப்படி தாண்டும் தாளம்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் உட்கார நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதே.

புது இசைக்குழுவுக்கு உன் சிந்தசைசர் வேண்டும், நண்பரை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். ஞாயிறு காலை அவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். வெறுங்கையோடுதான் திரும்பினார்.

அம்மாவின் கைநடுக்கம் உனக்குத் தெரியும். இப்போது காலும் உறைந்துபோகிறது. நடந்து வருபவள் அறை நிலைப்படியில் அப்படியே நின்றுவிடுகிறாள், தரையோடு ஒட்டிவிட்டதுபோல. சீரான தாளம் கேட்டால் கால் எழும் என்று பயிற்சி கொடுக்க வரும் பெண் சொன்னாள். கைதட்டிப் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் தையல் மெஷினில் இருந்துவிட்டு வந்த கை எவ்வளவு நேரம்தான் தட்டும்?

அப்புறம்தான் உன் கருவியைத் தூசி தட்டினேன். எதைத் திருகினாலும் கத்தியது. வீட்டில் எதையாவது அறுக்கிறீர்களா என்று மாடிவீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனார். சூடேறும்வரை சுருதி நழுவும் என்பதே பத்து நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அதில் தாளத்தைத் தானே திருப்பித் திருப்பி வாசிக்கும் சீக்வென்சரின் பதினாறு பொத்தான்களில் நாலுக்கு ஒன்றை எரியவிட்டு, வேகத்தை அம்மாவின் காலுக்குக் குறைத்துவிட்டால், அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்கிறது. நான் இரண்டு கையாலும் அம்மாவைப் பிடித்துக்கொள்ளலாம். நீ திருகி வைத்திருந்த குமிழ்களையெல்லாம் கலைத்துவிட்டேன். உன் பழைய ஒலி போயிற்று, மன்னித்துவிடு.

நண்பர் வந்தபோது அம்மா நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவர் விவரம் தெரியாமல் ஒயரைப் பிடுங்கிவிட்டார். தூக்கிய காலோடு சாய்ந்தவளை நாங்கள் இருவருமாகத் தாங்கிப்பிடித்தோம். அடி ஒன்றும் இல்லை. அம்மா கருவியைப் பார்த்துச் சொன்னாள்: "ஏன்டா நிறுத்திட்ட? வந்துட்டுத்தானே இருக்கேன்."

உன்னைத்தான் சொன்னாள். அது வாசிக்கும்போதெல்லாம் நீ அந்த அறையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாள். நான் திருத்துவதில்லை. நண்பர் ஒயரை மறுபடி செருகினார். அம்மா கட்டிலுக்குப் போய்ச் சேரும்வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கருவி உன்னுடையது. தரமாட்டேன் என்று சொல்லவில்லை. வேறு தாளத்துக்கு அம்மாவைப் பழக்க என் உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான். இனி யாரையும் அனுப்பாதே. நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து மட்டும் வராதே.

வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா