பைப் வைக்காத வண்டி

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். லாலாகுடா ஒர்க்‌ஷாப் கேட் பக்கம், எங்கள் புகைச் சோதனை வேனை வழக்கமாக நிறுத்தும் இடம். பதினொரு மணி வரை மூன்றே வண்டிகள். மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. அரசாங்கம் புகைச் சோதனையை எடுத்துவிட்டு, ரிஜிஸ்ட்ரேஷனோடு ஒரு கட்டணமாக வாங்கிக்கொள்ளப் போகிறார்களாம். உண்மையா, தெரியவில்லை.

ஆட்டோக்காரருக்கு ஒரே குஷி. சைலன்சரில் செருக நான் பைப்பை எடுத்ததும், "கைக்கு பாப்பா, எதுக்கு இதெல்லாம்? நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்துப் பேப்பர் குடு, போதும்."

வேன் சொந்தக்காரர் செல்வம் மாமா தலையாட்டினார். பைப்பைத் திரும்ப மாட்டினேன். பாதிப் பேருக்கு இப்படித்தான்.

9, புதன்
வெயில். பிரிண்டர் மை வாங்க வேண்டும்.

மாமா வேனை விற்கப் போகிறார். "சோதனையே போச்சுன்னா இந்த மெஷினை வெச்சு ஊதுபத்தியா கொளுத்தறது?" என்னை அத்தையின் புடவைக் கடையில் நிறுத்துவார்களாம். நாள் முழுக்கச் சிரித்துப் பேச வேண்டும். பள்ளியை விட்டதே வகுப்பில் எழுந்து நின்று பேச முடியாமல்தான். இங்கே பேச்சு வேண்டாம். பைப், போட்டோ, பேப்பர்.

சோறு இறங்கவில்லை. பத்து நகமும் கடித்தாயிற்று.

10, வியாழன்
வேன் பார்க்கத் திருமுல்கேரியிலிருந்து ஒருவர். தமிழ்க்காரர். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போக வேண்டுமாம். டயரை உதைத்துப் பார்த்தார்.

"புகை எப்படி?"

"புகை செக் பண்ற வண்டிலயே புகை வருமா சார்?" என்றார் மாமா. "மல்லி, புதுப் பேப்பர் ஒண்ணு அடி."

எங்கள் வேனுக்கு ஒருநாளும் பைப் வைத்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு போட்டோ, ஒரு பேப்பர். அவ்வளவுதான்.

பைப்பை எடுத்து எங்கள் சைலன்சரிலேயே செருகினேன்.

"அடியேய், இதுக்கு எதுக்குடி?"

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா." என் குரல்தான்.

வந்தவர் பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவுக்கு வேறு வழியில்லை. சாவியைத் திருப்பினார். திரையில் சிவப்பு. ஃபெயில்.

"ஹவ், ஆமா, நல்லாத்தான் செக் பண்றீங்க!" அவருக்குச் சிரிப்பு. "நக்கோ அண்ணே, வேணாம், பசங்க ஏறுற வண்டி."

போய்விட்டார். பிள்ளைகளுக்காகச் செய்தேனா, புடவைக் கடைக்குப் பயந்தா? இரண்டும்தான் போல.

11, வெள்ளி
மேகமூட்டம். மாமா காலையிலேயே வேனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நான் வீட்டில், எழுந்து எழுந்து வாசலுக்கு.

சாயங்காலம் வேன் வந்தது. "பைப்பை வை," என்றார் மாமா. வைத்தேன். பச்சை. இந்த வண்டிக்கு முதல் உண்மையான பேப்பர், என் கையாலேயே அடித்தேன்.

மாமா அதைப் பிடித்துக்கொண்டு திருமுல்கேரிக்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.