ஊதாப் பட்டைக்குக் கீழே

ஜூரோங், சிங்கப்பூர்,
2 மே 2025

ரக்ஷனா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் டைட்டானியம் சைக்கிள் தயாரான பட்டறையில் நான் வெல்டர். சட்டத்தின், அதாவது ஃபிரேமின், மேல்குழாயில் உங்கள் பெயரைத் தமிழில் பொறிக்கச் சொல்லியிருந்தீர்கள். எழுத்து சரியா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். தமிழ் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதி, சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாய்க்குள் சுருட்டி வைக்கிறேன்.

இந்தச் சைக்கிளை ஓட்டாதீர்கள்.

பெடல் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் கெட்டுப்போயிருக்கிறது. டைட்டானியத்தில் வெல்டிங் முடிந்து சூடு தணியும்வரை ஆர்கான் வாயு அதை மூடியிருக்க வேண்டும். காற்று பட்டால் அந்த இடம் பீங்கான் மாதிரி உடையும். வெளியே ஒன்றும் தெரியாது. மணல்பொடி அடித்து வெல்டிங் நிறத்தை மங்கலாக்கி, மேலே நீங்கள் கேட்ட ஊதாப் பட்டையை ஏற்றிவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்பக்கத்தை யாரும் தேய்க்கவில்லை. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளி நிறம் இருந்தால் என்னைத் திட்டிவிட்டு மறந்துவிடுங்கள். நீலமும் சாம்பலும் தெரிந்தால் நம்புங்கள்.

பதில் எழுதினால் ஃபேரர் பார்க்கில் முனீரா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் கொடுங்கள். ஞாயிறு மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். போன் வேண்டாம். பாஸ் எங்கள் போனை வாங்கிப் பார்ப்பார்.

என் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆதவன்


தோ பாயோ,
14 மே 2025

ஆதவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் குழாயின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. நேற்று சீட்டை இறக்கக் கழற்றியபோதுதான் கிடைத்தது. அதற்குள் இரண்டு நாள் ஓட்டிவிட்டேன். மலேசியாவில், நீலாய் வெலோட்ரோம் சைக்கிள் பந்தயத் தளத்தில், சாய்ந்த வளைவில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில். பிரேக் இல்லாத வண்டி என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் பின்னால் நான்கு பேர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

டார்ச் அடித்தேன். நீலம். அதற்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். "புது வண்டி வாங்கிட்டு ஏண்டி பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்று அம்மா கேட்டார். வண்டியை வரவேற்பறையில் வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போகவே பயமாக இருக்கிறது.

பதினொரு மாதம் காத்திருந்து வாங்கியது. ஜூன் 14இல் தேசிய அணித் தேர்வு. உங்கள் முதலாளியை நேரில் பார்க்கப் போகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். அதைப் பற்றவைத்தது யார்? அந்த ஆளின் பெயர் எனக்கு வேண்டும்.

ரக்ஷனா


ஃபேரர் பார்க்,
18 மே 2025

ரக்ஷனா அவர்களுக்கு,

அந்த ஆள் நான்தான்.

முதல் கடிதத்தில் எழுதப் பயமாக இருந்தது. பாதி வெல்டிங்கில் ஆர்கான் தீர்ந்துவிட்டது. நிறுத்தினேன். அடுத்த சிலிண்டர் மறுநாள்தான் வரும். பாஸ் வந்து பின்னால் நின்றார். "இன்னிக்கே பினிஷிங் போகணும். உள்ளே யார் பார்க்கப் போறா? முடி லா" என்றார். முடித்தேன். இரண்டு அங்குலம்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். என் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்ப அவருக்கு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். எட்டு வருடமாக அந்தப் பட்டனுக்குக் கீழேதான் வேலை செய்கிறேன்.

நீங்கள் இரண்டு நாள் ஓட்டியதைப் படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் யார் சைக்கிளில் போனாலும் பெடல் அச்சைத்தான் பார்க்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஆர்கான் தீர்ந்தது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். சட்டத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். வேறு பட்டறையில் காட்டி, வெல்டிங் கெட்டிருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். நாளைக்குப் பிரச்சினை என்றால் எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மன்னிப்புக் கேட்க முகமில்லை.

ஆதவன்


தோ பாயோ,
24 மே 2025

ஆதவன் அண்ணா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். போட்டோவைப் பார்த்த உங்கள் பாஸ், டைட்டானியத்தில் இந்த நிறமெல்லாம் சகஜம் என்று சிரித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆர்கான் தீர்ந்த பிறகும் முடிக்கச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டுவிட்டேன். சொன்ன உடனே உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. அவர் திட்டவில்லை. "ஓ, அப்படியா" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். முகமூடியைத் தூக்கிவிட்டு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அதுவரை உங்கள் முகம் எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு பேப்பரை நீட்டினார். பழைய சட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும், போட்டோக்களை அவர் கண் முன்னால் அழிக்க வேண்டும், குறை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாளில் புதுச் சட்டம், வெளிநாட்டில் செய்தது.

போட்டுவிட்டேன், அண்ணா. உங்கள் கடிதம் பைக்குள்தான் இருந்தது. மறந்துபோய்ப் போட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருடப் பயிற்சி கண் முன்னால் நின்றது.

மனிதவள அமைச்சில் புகார் கொடுக்க உங்களோடு வருகிறேன். பார்த்ததைச் சொல்கிறேன். ஜூன் 1, ஞாயிறு, ஒரு மணிக்கு முனீரா அக்கா கடைக்கு வந்துவிடுவேன். இருங்கள்.

ரக்ஷனா


ஃபேரர் பார்க்,
1 ஜூன் 2025

ரக்ஷனா அவர்களுக்கு,

ஒரு மணியிலிருந்து இருந்தேன். இப்போது நாலரை. "அந்தப் பொண்ணு வராது தம்பி, நீ சாப்பிடு" என்று முனீரா அக்கா இரண்டு பரோட்டாவைக் கொண்டுவந்து வைத்தார். அவரிடம்தான் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

திங்கட்கிழமை உங்கள் சட்டத்தை என்னையே வெட்டச் சொன்னார் பாஸ். ரம்பத்தை வைக்கும் முன் சுத்தியலால் ஒருமுறை தட்டினேன். அந்த இடம் தனியாகக் கழன்று விழுந்தது. பாஸ் பார்த்தார். அது உடைந்தபோது நீங்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. அதில் எனக்கு நிஜமாகவே நிம்மதி.

வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு பேப்பர் வந்தது. அவருக்குத் தெரியாமல் நானே வெல்டிங்கை முடித்ததாக எழுதியிருந்தது. அமைச்சுக்குப் போவோம் என்று நீங்கள் எழுதியது நினைவில் இருந்தது. ஆனால் கையில் சட்டம் இல்லை, போட்டோ இல்லை. அவர் பேனாவை நீட்டினார். போட்டுவிட்டேன். பயம்தான். அதே இடத்தில் உட்கார்ந்து நீங்கள் பட்ட பயம்தான் எனக்கும். அந்தப் பயத்துக்கு உங்களுக்குப் புதுச் சைக்கிள் கிடைத்தது. எனக்கு இன்றைக்குத் திருச்சி விமானத்தில் டிக்கெட்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். இருக்கிறது.

கம்பெனி வேன் வந்துவிட்டது. என்னை விமானம் ஏற்றிவிட வந்த ஆள் பக்கத்தில் நிற்கிறார்.

போகிறேன்.

ஆதவன்